உறுமிக்கொண்டு நிற்கும் ஃபேன்

உங்கள் கேள்வி இது: பதினான்கு வருடமாக ஓடும் சீலிங் ஃபேன், ரெகுலேட்டரை ஐந்தில் வைத்தாலும் சோம்பிச் சுற்றுகிறது. சில நாட்களாக ஸ்விட்சைப் போட்டால் உறுமிக்கொண்டு அப்படியே நிற்கிறது. ஒட்டடைக் குச்சியால் இறக்கையைத் தள்ளிவிட்டால் மெல்ல ஓடத் தொடங்குகிறது. வந்து பார்த்த எலக்ட்ரீஷியன் மோட்டார் போய்விட்டது, புது ஃபேன் வாங்குங்கள் என்று சொல்லிவிட்டார். அது சரிதானா, ஃபேன் மோட்டார் எப்படித்தான் வேலை செய்கிறது, நீங்களே பழுது பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் மோட்டார் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. குச்சியால் தள்ளினால் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி போதும். மோட்டாரைக் கிளப்பிவிடும் கண்டென்சர் (மின்தேக்கி) வலுவிழந்திருக்கிறது. நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை. இருபத்தாறு வருடமாக திண்டுக்கல்லில் வைண்டிங் கடை நடத்துகிறேன். காயில், அதாவது மோட்டாரின் கம்பிச் சுருள், கட்டவேண்டும் என்று கொண்டுவரப்படும் ஃபேன்களில் பலவற்றைக் காயிலைத் தொடாமலே திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஓடக்கூடிய ஒரு மோட்டார் பழைய இரும்புக் கடைக்குப் போவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். மேசை ஃபேனிலும் தண்ணீர் மோட்டாரிலும் நடுத்தண்டு சுற்றும், உறை நிற்கும். சீலிங் ஃபேனில் இது தலைகீழ். நடுத்தண்டு கூரையிலிருந்து தொங்கும் குழாயோடு பிணைந்து அசையாமல் நிற்கிறது. அதன்மேல் இரும்புத் தகடுகளை அடுக்கிச் செய்த ஸ்டேட்டர். ஸ்டேட்டரின் பள்ளங்களில் எனாமல் பூசிய மெல்லிய கம்பிச் சுருள்கள். இவை எதுவும் அசையாது. அவற்றைச் சூழ்ந்து மோதிரம் போல இருக்கும் ரோட்டார்தான் உறையோடும் இறக்கைகளோடும் சேர்ந்து சுற்றுகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ரோட்டாருக்கு எந்த ஒயரும் போவதில்லை. கார்பன் பிரஷ் கிடையாது, காந்தமும் கிடையாது. தகடுகளின் ஊடே உருக்கி ஊற்றிய அலுமினியப் பட்டைகள், இரு ஓரத்திலும் அவற்றை இணைக்கும் வளையம், அவ்வளவுதான். அணில் கூண்டு என்று அதற்குப் பெயர்.

ஒயரே போகாத ஒன்று எப்படிச் சுற்றுகிறது? 1824-இல் பிரான்சில் அரகோ என்ற அறிவியலாளர், ஒரு செம்புத் தட்டைச் சுழற்றினால் அதற்கு மேலே தொங்கும் காந்த ஊசியும் இழுபட்டுக் கூடவே சுற்றுவதைக் கண்டார். செம்பைக் காந்தம் இழுக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். பிறகு ஏன் இப்படி? சில ஆண்டுகள் கழித்து ஃபாரடே மின்தூண்டலைக் கண்டறிந்தபோதுதான் விடை கிடைத்தது. காந்தமும் உலோகமும் ஒன்றைவிட்டு ஒன்று நகரும்போது உலோகத்துக்குள் மின்சாரம் பிறக்கிறது. அந்த மின்சாரம் தனக்கென ஒரு காந்தத்தை உண்டாக்கி, நகர்கிற காந்தத்தின் பின்னாலேயே உலோகத்தை ஓடவைக்கிறது. அப்படியானால் காந்தத்தைக் கையால் சுழற்றாமல், நிற்கிற சுருள்களுக்குள் காந்தப்புலத்தை மட்டும் சுழலவைத்தால் போதுமே! இதை இத்தாலியில் ஃபெராரிசும் அமெரிக்காவில் டெஸ்லாவும் தனித்தனியே எட்டி, இருவரும் 1888-இல் வெளியிட்டார்கள். உங்கள் தலைக்கு மேல் தொங்குவது அந்த யோசனைதான்.

ஆனால் வீட்டு மின்சாரம் ஒரு ஃபேஸ்தான், அதாவது ஒரே ஒரு மின்னலை. ஒரே ஒரு சுருள் வரிசைக்கு அதைக் கொடுத்தால் காந்தப்புலம் சுற்றாது. நின்ற இடத்திலேயே வடக்கும் தெற்குமாக மாறி மாறித் துடிக்கும். மாவு அரைக்கும் திருகையை நினைத்துக்கொள்ளுங்கள். பிடியை முன்னும் பின்னுமாக ஒரே கோட்டில் தள்ளி இழுத்தால் கல் திணறும், சுற்றாது. கை பக்கவாட்டிலும் போகவேண்டும். அதுவும் முன்னசைவோடு சேர்ந்து அல்ல, கால் சுற்று முன்பின்னாக. அப்போதுதான் கல் உருளும். மோட்டாருக்கு அந்தப் பக்கவாட்டு அசைவைக் கொடுப்பதுதான் இரண்டாவது சுருள் வரிசை. முதலாவது ரன்னிங் காயில், இரண்டாவது ஸ்டார்ட்டிங் காயில். ஸ்டார்ட்டிங்கோடு வரிசையில் கண்டென்சர் இணைந்திருக்கிறது. கண்டென்சர் வழியாகப் போகும் மின்னோட்டம், நேராகப் போகும் மின்னோட்டத்தைக் கிட்டத்தட்டக் கால் சுழற்சி முந்திக்கொள்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது ஒரு விநாடியில் 200-இல் ஒரு பங்கு. அந்தச் சிறு நேர வித்தியாசம்தான் துடிப்பைச் சுழற்சியாக மாற்றுகிறது. பெயர் ஸ்டார்ட்டிங் என்றாலும், ஃபேன் ஓடும் நேரம் முழுக்க அந்தக் காயிலும் கண்டென்சரும் வேலையில்தான் இருக்கின்றன. அதனால்தான் கண்டென்சர் தளர்ந்தால் கிளம்புவது மட்டுமல்ல, ஓடும் வேகமும் சேர்ந்து குறைகிறது.

வேகத்தையும் கணக்குப் போட்டுவிடலாம். 14 காந்தத் துருவங்கள் (வடக்கும் தெற்குமாக ஏழு ஜோடி) உள்ள ஃபேனில் காந்தப்புலம் ஒரு முழுச் சுற்று வர ஏழு மின்சுழற்சிகள் ஆகும். விநாடிக்கு 50 சுழற்சி என்றால் நிமிடத்துக்கு சுமார் 428 சுற்று. இறக்கைகள் 380 சுற்றுக்குப் பக்கத்தில்தான் ஓடும். அந்தப் பின்தங்கல் குறையல்ல. ரோட்டார் புலத்தை எட்டிப் பிடித்துவிட்டால் பட்டைகளில் மின்சாரமே பிறக்காது, இழுவையும் நின்றுபோகும்.

இப்போது உங்கள் ஒட்டடைக் குச்சிக்கு வருவோம். ஸ்டார்ட்டிங் காயில் வேலை செய்யாதபோது மிச்சம் இருப்பது துடிப்பு மட்டும். அந்தத் துடிப்புக்கு இடம் வலம் என்று விருப்பம் இல்லை. நீங்கள் எந்தப் பக்கம் தள்ளிவிடுகிறீர்களோ அந்தப் பக்கமே ஓடும். கண்டென்சர் முழுதும் செத்திருந்தால் தலைகீழாகத் தள்ளினாலும் தலைகீழாகவே சுற்றும். பாதி உயிர் இருந்தால் ஒரு பக்கம் மட்டும் எளிதாகக் கிளம்பும். இந்தச் சோதனையை அடிக்கடி செய்யாதீர்கள். நிற்கிற மோட்டார் காற்று வீசாமல் மின்சாரத்தை மட்டும் குடித்துச் சூடாகும். உறுமுகிற ஃபேனை இரவு முழுக்க ஸ்விட்ச் போட்டபடி விட்டுவிட்டால் நூறு ரூபாய்ப் பழுது வைண்டிங் செலவாக மாறிவிடும்.

கண்டென்சர் ஏன் தளர்கிறது? ஒரு முறை பழையது ஒன்றை அறுத்துப் பிரித்தேன். உள்ளே ஜிகினாத் தாள் போல மினுக்கும் பிளாஸ்டிக் படலம், நீளமாகச் சுருட்டி வைத்திருந்தது. படலத்தின் மேல் ஆவியாகப் படிந்த உலோகப் பூச்சு. அதை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தபோது ஊசியால் குத்தியது போல எண்ணற்ற ஒளிப்புள்ளிகள். மின்னழுத்தம் திடீரென்று ஏறும்போது படலம் எங்காவது துளைபடும். அந்த இடத்தைச் சுற்றியுள்ள உலோகம் உடனே ஆவியாகிவிடும், துளை மற்ற இடத்திலிருந்து துண்டிக்கப்பட்டுவிடும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு முறை ஆபத்தைத் தாண்டிய வடு. ஆனால் ஒவ்வொரு வடுவுக்கும் கொஞ்சம் பரப்பு போய்விடுகிறது. 2.5 மைக்ரோஃபாரட் (கண்டென்சரின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) பல ஆண்டுகளில் இரண்டாகி, ஒன்றரையாகி, ஒருநாள் ஃபேனைக் கிளப்பும் பலம் இல்லாமல் போகிறது. திடீரென்று நடப்பதில்லை என்பதால் வீட்டில் யாரும் கவனிப்பதும் இல்லை. வெயில் அதிகம், காற்றே இல்லை என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

மாற்றும் வேலைக்கு முன் ஒன்றைக் கண்டிப்பாகச் செய்யுங்கள். சுவர் ஸ்விட்சை நிறுத்தினால் போதாது. சில வீடுகளில் ஸ்விட்சை ஃபேஸ் ஒயரில் வைக்காமல், மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயரில் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அங்கே ஸ்விட்ச் நின்றாலும் ஃபேனுக்கு மின்சாரம் வந்துகொண்டேதான் இருக்கும். மெயினை இறக்குங்கள். டெஸ்டரால் பார்த்துவிட்டுத் தொடுங்கள். ஆடாத ஏணியில், கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள ஏறுங்கள். ஈரக் கால், இரும்பு நாற்காலி வேண்டவே வேண்டாம்.

ஃபேன் குழாயின் மேலோ கீழோ உள்ள கிண்ணத்தை விலக்கினால் கண்டென்சர் தெரியும். அதன் உடம்பில் 2.5 அல்லது 3.15 என்று மைக்ரோஃபாரட் அளவும், பக்கத்தில் 440 வோல்ட் என்றும் அச்சிட்டிருக்கும். வீட்டில் வருவது 230 வோல்ட் தானே என்று குறைந்த வோல்ட் உள்ளதை வாங்காதீர்கள். ஓடும்போது கண்டென்சரின் இரு முனைகளுக்கிடையே வீட்டு மின்னழுத்தத்தைவிட அதிகம் ஏறும். காயில் அறுந்த ஃபேனில் கண்டென்சருக்குள் மின்சாரம் தங்கியிருக்கக்கூடும், எனவே அதன் இரண்டு ஒயர் முனைகளையும் பிளாஸ்டிக் பிடியுள்ள ஸ்க்ரூடிரைவரால் ஒரு முறை தொட்டு இறக்கிவிடுங்கள். கழற்றுமுன் இணைப்பை செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒயர் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நிறத்தை நம்பி இணைத்தால், ரன்னிங் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்டார்ட்டிங் போய் ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றும், காற்று மேலே போகும். கப்பாசிட்டன்ஸ் (கண்டென்சரின் கொள்ளளவு) அளவிடும் மல்டிமீட்டர் இருந்தால் பழையதை அளந்து பாருங்கள். 2.5 என்று எழுதியது 1.6 காட்டினால் சந்தேகமே வேண்டாம். சில இடங்களில் கண்டென்சரை நேராக மெயின் மின்சாரத்தில் தொட்டு, பிறகு முனைகளை உரசித் தீப்பொறி பார்ப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பொறி வருவதால் அளவு சரியாக இருக்கிறது என்றும் ஆகாது.

இன்னொரு ஆசையும் பலருக்கு வருகிறது: 2.5 இருந்த இடத்தில் 3.15 போட்டால் வேகம் கூடுமே என்று. கொஞ்சம் கூடத்தான் செய்யும். கூடவே ஸ்டார்ட்டிங் காயிலில் மின்னோட்டமும் சூடும் கூடும். ஃபேனோடு வந்த அளவு எதுவோ அதையே போடுங்கள்.

புதிய கண்டென்சர் போட்டும் வேகம் வரவில்லை என்றால் ரெகுலேட்டரைப் பாருங்கள். அதை விலக்கி நேர் இணைப்பில் ஓடவிட்டு வேகம் வந்துவிட்டால் குற்றவாளி அதுதான். டயாக், டிரையாக் என்ற மின்னணு உறுப்புகள் வைத்த எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் மின்னலையை நறுக்கிக் கொடுப்பதால் குறைந்த வேகத்தில் ஃபேன் ரீங்கரிக்கும். அது மோட்டார் பழுதல்ல. வீட்டு மின்னழுத்தமும் கவனிக்க வேண்டியது. மோட்டாரின் இழுவிசை மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. 230 வோல்ட் 180 ஆக இறங்கினால் விசை முன்பிருந்ததில் சுமார் 60 சதவீதமாகக் குறைந்துவிடும். மாலை நேரத்தில் மட்டும் ஃபேன் சோர்கிறது என்பவர்கள் ஃபேனைக் கழற்றுவதற்கு முன் வோல்டேஜைப் பார்ப்பது நல்லது.

அடுத்தது பேரிங். மின்சாரம் நின்ற நிலையில் இறக்கையைக் கையால் தள்ளிப் பாருங்கள். நல்ல ஃபேன் நெடுநேரம் தானே சுற்றி மெதுவாக நிற்கும். கரகரவென்று நாலைந்து சுற்றில் நின்றாலோ, மோட்டார் உறையைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் தளர்ந்து ஆடினாலோ பேரிங் தேய்ந்திருக்கிறது. பல சீலிங் ஃபேன்களில் இருப்பவை 6201, 6202 என்ற எண்ணுள்ளவை. எண் பேரிங்கின் ஓரத்திலேயே பொறித்திருக்கும். பழையதைக் காட்டி அதே எண்ணில் நல்லதாக வாங்குங்கள். பேரிங்கில் நான் சிக்கனம் பார்ப்பதில்லை. அது ஆட ஆரம்பித்தால் அரை மில்லிமீட்டர் இடைவெளி போய் ரோட்டாரும் ஸ்டேட்டரும் உரசும், அதற்குப் பிறகு காயிலும் தப்பாது.

பேரிங் மாற்ற ஃபேனை இறக்கியாக வேண்டும். உறையின் மேல்மூடியும் கீழ்மூடியும் சேரும் இடத்தில் திறப்பதற்கு முன்பே ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். திரும்ப மூடும்போது அதே இடத்தில் பொருந்தவேண்டும், மாறினால் ஃபேன் ஆடும். பழைய பேரிங்கைப் புல்லர் என்ற இழுக்கும் கருவி வைத்துக் கழற்றுங்கள். புதியதை ஏற்றும்போதுதான் பலர் கெடுத்துவிடுகிறார்கள். பேரிங்கின் உள்வளையம் தண்டில் இறுக்கமாக உட்காருகிறது. ஆகவே உள்வளையத்தின் மேல் மட்டும் பொருந்தும் ஒரு குழாய்த் துண்டை வைத்துத் தட்டவேண்டும். சுத்தியலால் வெளிவளையத்தில் அடித்தால் அந்த அடி முழுக்கக் குண்டுகளின் வழியாகப் போகும். குண்டு ஓடும் பாதையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழும். புதுப் பேரிங் முதல் நாளே முனகுவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த அடிதான். காயிலிலிருந்து வரும் ஒயர்கள் தண்டின் துளை வழியாக மேலே போகின்றன. துளையின் விளிம்பு ஒயர் உறையை அறுத்திருக்கிறதா என்று அப்போதே பாருங்கள். ஃபேனைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்று வருகிற புகார்களில் இந்த இடத்தை நான் முதலில் பார்ப்பேன். இங்கே புதிய ஸ்லீவ் (ஒயர் மேல் மாட்டும் காப்புக் குழல்) மாட்டினாலே சரியாகிவிடும்.

மேசை ஃபேனில் பல மாடல்களில் குண்டுப் பேரிங் இருக்காது, புஷ் தான். நுண்துளைகள் உள்ள வெண்கலப் புஷ், அதைச் சுற்றி எண்ணெய் ஊறிய கம்பளித் துண்டு. ஒரு மார்கழியில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் மேசை ஃபேனோடு வந்தார். "தம்பி, காலையில் மட்டும் ஓட மறுக்கிறது, மத்தியானம் நன்றாக ஓடுகிறது" என்றார். மார்கழிக் காலையில் ஃபேன் எதற்கம்மா என்று கேட்டேன். கொசுவுக்கு என்றார். புஷ்ஷைத் திறந்ததும் வாசமே சொல்லிவிட்டது: தேங்காய் எண்ணெய். 24 டிகிரிக்குக் கீழே அது உறையத் தொடங்கும். விடியற்காலையில் புஷ்ஷுக்குள் மெழுகாக இறுகியிருந்தது, வெயில் ஏறியதும் இளகியது. உறையாத காலத்திலும் சமையலறை எண்ணெய்கள் தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் நாலைந்து சொட்டு கம்பளித் துண்டில் ஊறவிட்டுக் கொடுத்தேன். அந்த ஃபேன் அதன் பிறகும் பல வருடம் ஓடியது. சீலிங் ஃபேனின் மூடிய பேரிங்குக்கு இந்த எண்ணெய் வேண்டாம். உள்ளே இருக்கும் கிரீஸைக் கரைத்துவிடும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் காயில். சீலிங் ஃபேனிலிருந்து வருவது மூன்று ஒயர். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து இரண்டிரண்டாக அளந்தால் மூன்று அளவு கிடைக்கும். உதாரணமாக 150, 170, 320 என்று வந்தால், சிறிய இரண்டையும் கூட்டினால் பெரியது வருகிறது, காயில் அறுபடவில்லை. பெரிய அளவு காட்டிய ஜோடியில் சேராத மூன்றாவது ஒயர்தான் காமன். உங்கள் ஃபேனில் எண்கள் வேறாக இருக்கலாம், கூட்டல் பொருந்த வேண்டும். ஏதாவது ஜோடி அளவே காட்டவில்லை என்றால் எங்கோ அறுந்திருக்கிறது. மனம் தளரவேண்டாம், மெல்லிய காயில் கம்பி தடித்த ஒயரோடு சேரும் ஜாயின்ட்டில்தான் பல நேரம் அறும். எனாமலைச் சுரண்டி, பற்றவைத்து, ஸ்லீவ் ஏற்றிக் கட்டினால் போதும். அடுத்து மீட்டரை அதிக ஓம்ஸ் அளவில் வைத்து, ஒயருக்கும் இரும்பு உடம்புக்கும் நடுவே பாருங்கள். அங்கே எதுவும் காட்டக்கூடாது. சரியாகச் சொல்ல, மின்கசிவைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கர் கருவி வேண்டும். அது வைண்டிங் கடையில் இருக்கும்.

காயில் கறுத்து, கருகிய வார்னிஷ் நாற்றம் அடித்தால் மட்டும் முழுதாகக் கட்டவேண்டும். இது வீட்டில் செய்கிற வேலை அல்ல. பழைய சுருளின் சுற்றுகளை ஒவ்வொன்றாக எண்ணி, கம்பியின் கேஜை அளந்து, பள்ளத்துக்குப் புதுக் காகிதம் போட்டு, அதே எண்ணிக்கையில் கட்டி, வார்னிஷ் ஊற்றிச் சூட்டில் உலர்த்த வேண்டும். ரன்னிங்கில் 14, ஸ்டார்ட்டிங்கில் 14 காயில் உள்ள ஃபேனில் ஒரே ஒரு காயிலை மாற்றி இணைத்தாலும் வேகம் வராது. கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: செம்புக் கம்பியா, வார்னிஷ் ஊற்றுவீர்களா? வார்னிஷ் இல்லாத காயிலில் கம்பிகள் ஓயாமல் அதிர்ந்து ஒன்றோடொன்று உரசி, ஒரே கோடையில் மறுபடி கருகும்.

எப்போது புதியது வாங்கலாம்? காயில் கருகி, பேரிங்கும் போய், உறையில் விரிசல் விட்ட ஃபேனுக்குச் செலவு செய்யாதீர்கள். மின்கணக்கும் ஒன்று உண்டு. பழைய ஃபேன் முழுவேகத்தில் சுமார் 75 வாட் எடுக்கும். ரோட்டாரில் நிலைக்காந்தமும் உள்ளே சர்க்யூட் போர்டும் கொண்ட பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டுக்குப் பக்கத்தில். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 20 யூனிட் வித்தியாசம். கூடத்தில் ஓயாமல் ஓடும் ஃபேனுக்கு அது நியாயமான காரணம். ஆனால் அதில் பழுது வந்தால் பெரும்பாலும் போர்டுதான் போகிறது, அதே கம்பெனி போர்டு கிடைத்தால்தான் உயிர். தினம் இரண்டு மணி நேரம் ஓடும் உள்ளறை ஃபேனுக்கு உங்கள் பழைய மோட்டாரே போதும்.

ஃபேனை இறக்கி ஏற்றினால், திரும்ப மாட்டும்போது கொக்கியில் இருக்கும் ரப்பர் உருளையை விரலால் அழுத்திப் பாருங்கள், வெடித்திருந்தால் மாற்றுங்கள். குழாயைப் பிடிக்கும் போல்ட்டில் நட்டு இறுக்கிய பிறகு, துளையில் பின்னைச் செருகி அதன் இரு காலையும் விரித்து மடக்க வேண்டும். நட்டு அதிர்வில் கழன்றாலும் ஃபேன் விழாமல் தாங்குவது அந்தச் சின்னப் பின்தான். பழைய பின் நெளிந்திருந்தால் புதியது ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பின் இல்லாமல் ஃபேனை ஓட்டாதீர்கள்.

முதலில் கண்டென்சரை மட்டும் மாற்றிப் பாருங்கள். அதற்குப் பிறகும் உறுமினால், மூன்று ஒயருக்கும் இடையே வந்த ஓம்ஸ் அளவுகளையும், கையால் தள்ளினால் எத்தனை சுற்று ஓடி நிற்கிறது என்பதையும் எழுதுங்கள். அதை வைத்து அடுத்தது எதைத் திறக்க வேண்டும் என்று சொல்கிறேன்.